அது மங்கு இல்லை

“நூத்துக்குப் பதிமூணு பேருக்கு இது இருக்கும்க்கா, போட்டுக் குழப்பிக்காத” என்று அக்காவிடம் சொன்னவன் நான்தான். பவானியில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கையில் அவளுடைய ஏஎன்ஏ ரிப்போர்ட். உடம்பு தன் செல்களையே தாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பாசிட்டிவ், 1:80, அதாவது எண்பது மடங்கு நீர்த்த பிறகும் தெரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு லேபில் இந்த ஏஎன்ஏ ஸ்லைடுகளைப் பார்ப்பதுதான் என் வேலை என்பதால், வீட்டில் இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அக்கா ரிப்போர்ட்டை மடித்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் பைக்குள் செருகிவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

நான் சொன்ன கணக்கு பொய்யில்லை. 1997-ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து, எந்த நோயும் இல்லாதவர்களின் ரத்தத்தைச் சோதித்து வெளியிட்ட கணக்கு அது. 1:40 அளவில் 100-க்கு 32 பேர் பாசிட்டிவ், 1:80-ல் 13, 1:160-ல் 5, 1:320-ல் 3. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூகுளில் ‘லூபஸ்’ என்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோயைப் பற்றிப் படித்துவிட்டு அழுதபடி போன் செய்கிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லித்தான் தேற்றுவேன். ஆனால் அக்காவின் ரிப்போர்ட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 1:80-ல் மட்டுமே பார்த்திருக்கிறோம், அதற்கு மேல் நீர்த்துப் பார்க்கவில்லை என்று. அதாவது 1:80 என்பது அவளுடைய அளவு இல்லை. அந்த லேப் பார்த்த ஒரே அளவு. தினமும் இதே மாதிரி வரிகளை ரிப்போர்ட்டில் ஏற்றுகிற நான் அதைப் படிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தையும் கையையும்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் முகத்திலேயே இருந்தது. இரண்டு கன்னங்களிலும் நெற்றியிலும் கருமை படர்ந்திருந்தது. நாற்பதை நெருங்கும் பெண்ணுக்குக் கன்னம் கருத்தால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், மங்கு. பக்கத்து வீட்டில் சொன்னது மங்கு, பியூட்டி பார்லரில் சொன்னதும் மங்கு, மெடிக்கலில் சீட்டே இல்லாமல் எடுத்துக் கொடுத்த கிரீமும் மங்குக்கானது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. போட்டால் ஒரு வாரத்தில் குறையும், விட்டால் திரும்பி வரும். அப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்குப் போய் வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்றுவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் முகம் எரிய ஆரம்பித்தது, கூடவே அடித்துப் போட்டதுபோல் உடம்பு வலி, லேசான காய்ச்சல். மங்கு எரியாது. மங்குக்குக் காய்ச்சல் வராது. இது இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

தோல் நோய்ப் புத்தகங்களில் ஒரு சிக்கல் உண்டு. லூபஸ் என்றால் கன்னத்தில் ‘சிவப்பு’ என்று இருக்கும். வெள்ளைத் தோலில் அது சிவப்பு. அக்காவின் நிறத்தில் அது கருஞ்சாந்து. டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை-தோல் நோயில் கண்ணிமை மேல் வரும் நிறத்துக்கு ஹீலியோட்ரோப் என்று ஒரு பூவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துப் பூவை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? அதன் சொந்தக்காரச் செடி ஒன்று நம் வயல் ஓரங்களில் முளைக்கிறது, தேள்கொடுக்கு. தேளின் வால்போல் சுருண்ட பூங்கொத்து, வெளிறிய ஊதா. ஆனால் நம் நிறத்து இமையில் அந்த ஊதாவும் தெரியாது. நாவல்பழம் தின்ற கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அக்காவின் இமை அப்படித்தான் இருந்தது. தூக்கம் பத்தவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அடுத்து வந்தது மார்கழி. விடிகாலை தொட்டித் தண்ணீரில் வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவை எடுத்தால் விரல் நுனிகள் வெள்ளை வெளேரென்று செத்துப்போயிருக்கும். பிறகு நீலம் பாய்ந்து, அடுப்பருகில் காட்டினால் சிவந்து, குத்திக்குத்தி வலிக்கும். பாரிசில் மொரீஸ் ரேனோ என்ற மருத்துவர் 1862-ல் தன் ஆய்வேட்டில் இதை எழுதிவைத்தார். அவர் பெயரால் ரேனோ என்றே சொல்கிறார்கள். பாரிஸ் குளிருக்கு வருவது பவானிக்கு வருமா என்று நினைக்கவேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்தாலே அவளுக்கு வந்தது. பெரும்பாலானோருக்கு ரேனோ என்பது வெறும் தொந்தரவுதான், பின்னால் எதுவும் இருக்காது. முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தால், கூடவே விரலும் வீங்கினால், அதைச் சும்மா விடக்கூடாது.

விரல் வீங்கியதை முதலில் சொன்னது மோதிரம். கல்யாண மோதிரம், பதினேழு வருஷம் விரலை விட்டு இறங்காதது, அழுத்த ஆரம்பித்தது. சோப்பு, எண்ணெய், நூல் சுற்றி இழுப்பது எல்லாம் முயன்று பார்த்தும் வராமல் மாமா அவளை ஆசாரியிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவில் தகடு ஒன்றைச் செருகி, சின்ன அரத்தால் அறுத்தார். அறுத்து முடித்து அக்காவின் விரல் தோலை லேசாகக் கிள்ளிப் பார்த்தவர், “கிள்ளவே வரலையேம்மா, பொட்டியில வெச்ச பட்டாட்டம் வழவழன்னு இருக்குதே” என்றாராம். மாமா சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகுதான் டவுன் பஸ் படி. கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்தால்தான் ஏற முடிகிறது என்றாள். தலைக்குச் சீப்பு எடுத்தால் பாதியில் கை இறங்கிவிடுகிறது. மகளே பின்னிவிட ஆரம்பித்தாள். ஊர் டாக்டர் மூட்டுகளை அழுத்திப் பார்த்து ரத்தம் எடுத்தார். ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். முடிந்தது கதை, மூட்டுவாதம். மாத்திரைக்குக் கேட்காவிட்டால் விலை உயர்ந்த ஒரு ஊசி இருக்கிறது, போடலாம் என்றும் பேச்சு வந்தது. பணம் புரட்டத் தாமதமானதால் போடவில்லை. அந்த வகை ஊசி, டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுப்பது. மூட்டுவாதத்தில் அற்புதமாக வேலை செய்யும். உள்ளே லூபஸ் சாயல் இருக்கிறவர்களுக்கு அதையே கிளப்பிவிடவும் செய்யும். எங்கள் கையில் காசு இல்லாமல் போனது அந்த ஒரு தடவை நல்லதாயிற்று.

தெருவில் வேறொரு பேச்சும் ஓடியது. விரல் தடித்து, தோல் நிறம் மாறி, நுனியில் ஒரு சின்னப் புண்ணும் வந்ததால் ‘பெரிய வியாதி’யாக இருக்குமோ என்று. அக்காவின் டம்ளரை ஒரு வீட்டில் தனியாகக் கழுவி வைத்தார்கள். தொழுநோயில் மரத்துப்போகும், அக்காவுக்கு நகத்தோரம் எறும்பு ஊர்ந்தாலும் தெரிந்தது. தொழுநோயும் இன்றைக்கு மாத்திரையில் குணமாகிற நோய்தான், மருந்து தொடங்கியவுடன் பரவுவதும் நின்றுவிடும். அதைத் தெருவுக்கு யார் விளக்குவது? அவள் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

என் புத்திக்கு உறைத்தது சிபிகே ரிப்போர்ட்டில். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி அது. 200-க்குள் இருக்க வேண்டியது 2,800. 2022 அக்டோபரில் நடிகை சமந்தா தனக்கு மயோசைட்டிஸ், அதாவது தசை அழற்சி என்று வெளியில் சொன்னபோது அந்தச் சொல் எங்கள் வீட்டு டிவியிலும் ஒரு வாரம் ஓடியது. “அந்தப் புள்ளைக்கு வந்ததாடா எனக்கும்?” என்று அக்கா கேட்டாள். தெரியவில்லை என்றேன். அன்று ராத்திரியே பழைய ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் பார்த்து, அந்தப் பொடி வரியைப் படித்தேன்.

மறுநாள் அவள் ரத்தம் எங்கள் லேபுக்கு வந்தது.

ஏஎன்ஏ பார்ப்பது இருட்டறை வேலை. கண்ணாடித் தகட்டில் வட்டவட்டமான குழிகள், ஒவ்வொன்றிலும் ஹெப்-2 என்ற செல்கள் படிந்திருக்கும். குரல்வளைப் புற்றிலிருந்து எடுத்தவை என்று நம்பித்தான் 1950-களில் அவற்றை வளர்த்தார்கள். பின்னால் மரபணுவைப் பார்த்தபோது அவை ஹேலா செல்கள் என்று தெரிந்தது. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், அவரைக் கேட்காமலே எடுத்த புற்றுச் செல்களின் வாரிசு. அந்தப் பெண் அதே வருஷம் இறந்துபோனார். அவருடைய செல்களின் மேல்தான் இன்றைக்கு ஈரோட்டுக்காரியும் இராமநாதபுரத்துக்காரியும் தங்கள் ரத்தத்தைச் சொட்டு விட்டுப் பார்க்கிறார்கள். சீரத்தை நீர்த்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, கழுவி, ஒளிரும் சாயம் ஒட்டிய எதிர்ப்பொருளை ஊற்றி, மறுபடி கழுவி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். தன் உடம்பின் செல் உட்கருவையே எதிரி என்று நினைக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் அந்த இடம் இளம்பச்சையாக ஒளிரும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சமையலறைக் கணக்கில் சொல்லிக்கொடுப்பேன். மெல்லிய புள்ளி என்றால் கோலமாவு, கரடான புள்ளி என்றால் ரவை.

அக்காவுடையது ரவை. நடுவே உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற உருண்டை மட்டும் கருப்பு ஓட்டையாக, சுற்றிலும் அள்ளித் தெளித்த பச்சை ரவை. 1:320-ல் கண்ணைக் கூசியது. 1:640, 1:1280. 1:2560-ல்கூட மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர் ஸ்லைடை நான் படிக்கக்கூடாது என்பதால் பக்கத்து இருக்கைப் பெண்ணைப் படிக்கச் சொன்னேன். அவள் பெயரைப் பார்க்காமல் சொன்னாள், “இது ஆர்.என்.பி. அண்ணா, பிளாட் போடாமலே சொல்லலாம்.” பிளாட் என்பது எந்த ஆன்டிபாடி என்று கோடுகளாகக் காட்டும் பட்டைச் சோதனை. அதையும் போட்டோம். பட்டையில் பதினைந்து கோடுகளுக்கு இடம் உண்டு. உட்கருவில் இருக்கும் ஒரு புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடியான யு1 ஆர்.என்.பி.யின் கோடு கரிக்கோட்டால் இழுத்ததுபோல் வந்தது. ரோ-52 என்ற இன்னொரு ஆன்டிபாடியின் கோடும் வந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை.

இதற்குப் பிறகு எங்கே போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தோல் டாக்டரும் இல்லை, எலும்பு டாக்டரும் இல்லை, ருமட்டாலஜி. தன்னுடல் தாக்கு நோய்கள் அவர்கள் வட்டாரம். அந்த டாக்டரம்மா ஃபைலைத் திறக்கவே இல்லை. அக்காவின் இரண்டு கைகளையும் மேசையில் வைக்கச் சொல்லி, டியூப்லைட்டுக்குக் கீழே ஐந்து நிமிஷம் பார்த்தார்.

“மொழி மேல பாருங்க” என்று என்னிடம் காட்டினார். விரல் மடக்கும் மூட்டுகளின் மேலே கருமையாக, லேசாகச் செதில் ஏறியிருந்தது. அது தசை நோயின் கையெழுத்து. லூபஸ் அதற்கு நேர் எதிர், மொழியை விட்டுவிட்டு மொழிக்கும் மொழிக்கும் நடுவில் இருக்கும் சதையில்தான் படரும். அக்காவின் வலது கையில் இரண்டுமே இருந்தன. முகத்திலும் அப்படி ஒரு சூட்சுமம் உண்டு. மூக்கோரத்திலிருந்து உதட்டுக்கு இறங்கும் மடிப்பை லூபஸ் தொடாது, வெயில் அங்கே அதிகம் படாததால் விட்டுவிடும் என்பார்கள். டெர்மட்டோமயோசைட்டிஸ் அந்த மடிப்பையும் விடாது. அக்காவின் மடிப்பு சுத்தமாக இருந்தது. ஆக, முகம் லூபஸ் என்கிறது, மொழி மயோசைட்டிஸ் என்கிறது, வழவழப்பான வீங்கிய விரல் தோல் இறுகும் நோயான ஸ்கிளீரோடெர்மா என்கிறது.

பிறகு நகக்கண். மோதிர விரல் நகத்தின் அடியோரத்தில் ஸ்கேன் ஜெல்லை ஒரு துளி வைத்து, போனில் மாட்டிய டெர்மாஸ்கோப்பை (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) அதன்மேல் வைத்தார். திரையில் அக்காவின் ரத்தக்குழாய்கள் தெரிந்தன. என் விரலையும் வைத்துக் காட்டினார். என்னுடையவை சீப்புப் பல்லைப்போல, ஒரே அளவுக் கொண்டை ஊசிகளாக வரிசையாக நின்றன. அக்காவுடையவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, பலூன்போல் உப்பி, நடுநடுவே குழாயே இல்லாத வெற்றிடங்கள், கசிந்து உறைந்த ரத்தப் பொட்டுகள். பல்லுப்போன சீப்பு. உடம்பைக் கிழிக்காமல், ஐந்து பைசா செலவில்லாமல் இந்த நோயை நேரில் பார்க்கக்கூடிய ஒரே இடம் நகக்கண் என்றார். நான் பத்து வருஷமாக இருட்டறையில் தேடியதை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

“சாப்பாடு நெஞ்சுல நிக்குதாம்மா?”

“ஆமாங் டாக்டர், சோறு உருண்டை எறங்கறதுக்குத் தண்ணி குடிக்கோணும்.”

“மாடிப்படி ஏறுனா?”

“மூச்சு வாங்குது. உடம்பு பலமில்லைன்னு நெனச்சனுங்.”

உணவுக்குழாயும் நுரையீரலும் கணக்கில் சேர்ந்தன. நெஞ்சு சிடி ஸ்கேன், நுரையீரல் ஊதல் சோதனை, எக்கோ, சிறுநீரில் புரதம், வீட்டில் தினமும் பிரஷர் பார்ப்பது என்று பட்டியல் நீண்டது. ரோ-52 பாசிட்டிவ் என்றால் நுரையீரலைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிடியில் இரண்டு நுரையீரலின் அடிப்பக்கமும் பனி படர்ந்த கண்ணாடிபோல் லேசாக மங்கியிருந்தது. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் நல்லவேளை ஏறவில்லை. இந்த நோயில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் அதுதான். அதனால் வருஷா வருஷம் எக்கோ.

தோல் பயாப்சியும் எடுத்தார்கள், இரண்டு தடவை. முதலில் வேறொரு இடத்தில் எடுத்து முழுவதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஃபார்மலினில் போட்டால் திசுவின் அமைப்பைப் பார்க்கலாம். தோலில் எதிர்ப்பொருள் படிந்திருக்கிறதா என்று ஒளிரவைத்துப் பார்க்க முடியாது. அதற்கு இன்னொரு துண்டை மைக்கேல் திரவத்தில் போட வேண்டும். லேபில் இருக்கிறவன் என்பதால் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு சீசா விஷயம், அக்காவுக்கு இன்னொரு தையல். இத்தனைக்கும் பிறகு பயாப்சி ரிப்போர்ட் என்ன சொன்னது? மேல்தோலும் உள்தோலும் சேரும் எல்லையில் அழற்சி. லூபஸாகவும் இருக்கலாம், டெர்மட்டோமயோசைட்டிசாகவும் இருக்கலாம். நுண்ணோக்கிக்கு அடியில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. இரண்டாவது துண்டு அந்த எல்லையில் பட்டையாக ஒளிர்ந்ததால் லூபஸ் பக்கம் கொஞ்சம் கனம் கூடியது, அவ்வளவுதான்.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஒரே வார்த்தையில என்ன நோவுன்னு சொல்லுங்க டாக்டர்” என்றார். ஜமக்காளத்துக்கு நூல் எண்ணிக்கை பார்த்தே வளர்ந்தவர், அவருக்கு எல்லாம் எண்ணாகவோ பெயராகவோ வர வேண்டும்.

டாக்டரம்மா எம்.சி.டி.டி. என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். மிக்ஸ்டு கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ். அமெரிக்காவில் கார்டன் ஷார்ப் என்பவரும் கூட்டாளிகளும் 1972-ல் 25 நோயாளிகளை வைத்து விவரித்தது. லூபஸ், ஸ்கிளீரோடெர்மா, தசை அழற்சி மூன்றின் சாயலும் கலந்து, எல்லார் ரத்தத்திலும் ஒரே ஆன்டிபாடி. அதுதான் இன்றைய ஆர்.என்.பி. சாதுவான நோய், ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் என்று அப்போது நினைத்தார்கள். அதே நோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தபோது அவ்வளவு சாது இல்லை என்று தெரிந்தது. சிலருக்கு முழு ஸ்கிளீரோடெர்மாவாக மாறியது, சிலருக்கு நுரையீரல் அழுத்தம் ஏறியது. இது தனி நோயே இல்லை, வேறொன்றாக மாறும் வழியில் ஒரு நிறுத்தம் என்று வாதிடுகிற மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மெக்சிகோவைச் சேர்ந்த அலார்கோன்-செகோவியா 1987-ல் கொடுத்த அளவுகோல்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது கையிலிருந்து தொடங்குகிறது. ஆர்.என்.பி. ரொம்ப அதிகமாக இருக்க வேண்டும். கூடவே கை வீக்கம், மூட்டு அழற்சி, தசை அழற்சி, ரேனோ, விரல்தோல் இறுக்கம் இந்த ஐந்தில் மூன்றாவது இருக்க வேண்டும், அதில் மூட்டோ தசையோ ஒன்று கட்டாயம். அக்காவுக்கு ஐந்துமே.

இரண்டு நோய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக முழுசாகவே இருந்தால் அதை ஓவர்லாப் என்கிறார்கள். எதற்கும் போதாமல் அரைகுறையாக இருந்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டு. மூட்டுவாதமும் லூபஸும் சேர்ந்தால் செல்லமாக ரூபஸ். பெயர் வைப்பதில் டாக்டர்களுக்கு இருக்கும் ஆசை கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அன்று அவர் மாமாவிடம் சொன்னது வேறு. “பேரு அஞ்சு வருஷத்துல மாறினாலும் மாறும்ங்க. இப்ப நான் பேருக்கு மருந்து எழுதல. நுரையீரலுக்கு ஒண்ணு, தசைக்கு ஒண்ணு, தோலுக்கு ஒண்ணு, விரலுக்கு ஒண்ணுன்னு எழுதறேன். எது எதோட சண்டை போடும்னு பாத்துட்டே இருக்கணும்.”

அந்தச் சண்டைதான் இந்த நோயில் வைத்தியத்தின் பெரும்பகுதி. தசை அழற்சிக்கு வழக்கமாக ஸ்டீராய்டை உடல் எடைக்கு ஏற்ப அள்ளிக் கொடுப்பார்கள். ஸ்கிளீரோடெர்மா சாயல் இருக்கிறவருக்குத் தினம் 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிறுநீரகம் திடீரென்று மடங்கிப்போகும் ஆபத்து உண்டு. அதற்கு முதல் அடையாளம் பிரஷர் எகிறுவது. அதனால் அள்ளிக் கொடுக்காமல், அந்த வரம்பைக் கொஞ்சம் மட்டும் தாண்டி 20-ல் தொடங்கி வேகமாகக் குறைத்தார், மாமா காலையும் மாலையும் பிரஷர் எழுதினார். ஸ்டீராய்டில் குறைத்ததை ஈடுகட்ட எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட், நுரையீரலுக்கும் அதுவே. அதைத் தொடங்குமுன் காசநோய், மஞ்சள் காமாலை பி சோதனைகள், கருத்தடை பற்றிய பேச்சு, ஏனென்றால் அந்த மருந்து கருவைச் சிதைக்கும். பேச்சு வந்தபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

விரலுக்கு முதலில் நிஃபெடிபின். ரத்தக்குழாயைத் தளர்த்தும், ஆனால் உணவுக்குழாயின் அடிவாயையும் தளர்த்தும். ஏற்கெனவே புளித்த ஏப்பத்தோடு இருந்தவளுக்கு நெஞ்செரிச்சல் இரண்டு மடங்கானது. மாற்றாக எழுதியது டடலாஃபில், ஆண்மைக் குறைவுக்கும் கொடுக்கிற மாத்திரை. மாமா அந்தச் சீட்டோடு ஊர் மெடிக்கலுக்குப் போனார். கடைப் பையன் சீட்டைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், சீட்டில் இருந்த பெண் பெயரைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தி “அண்ணா, உங்களுக்குங்களா?” என்றான். அந்த மருந்து விரலுக்கும் நுரையீரலுக்கும் போகிற ரத்தக்குழாயைத் தளர்த்தும் என்பதை நடுக்கடையில் விளக்க மாமாவுக்குத் திராணி இல்லை. அப்போதிலிருந்து அந்த மாத்திரை கோயம்புத்தூரிலிருந்து நான் வாங்கி அனுப்புவது.

தோலுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுவின், மலேரியா மாத்திரையாகப் பிறந்தது. எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாண்டக்கூடாது, தாண்டினால் வருஷக்கணக்கில் விழித்திரையில் படியும். அக்கா 52 கிலோ. ஒருநாள் 200, மறுநாள் 300 என்று எழுதிக் கண் டாக்டரிடமும் அனுப்பினார். டெர்மட்டோமயோசைட்டிஸ் தோலில் சிலருக்கு இந்த மாத்திரையே புதுத் தடிப்பைக் கிளப்பும் என்பதால் முதல் மாதம் வாரம் ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார். அப்புறம் சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. அக்கா புருவத்தை உயர்த்தினாள். அந்த அளவில் ஒரு டியூப் மூன்று வாரம்கூட வராது. கல்யாண வீட்டுச் சந்தனம் மாதிரி பூசிக்கொண்டு குடையோடு காய்கறி வாங்கப் போகிறவளைச் சந்தை பழகிக்கொள்ள ஆறு மாதம் ஆனது.

நாலாம் மாதத்தில் முகம் உப்பியது. “பூசணிக்கா ஆட்டம் ஆயிட்டயே” என்று யாரோ சொல்ல, யாரிடமும் கேட்காமல் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டாள். ஐந்தாம் நாள் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. மாமா எழுதும் நோட்டில் அன்றைக்கு 80/50 என்று இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டது. திடீரென்று நிறுத்தினால் அது எழுந்துகொள்ள நாள் பிடிக்கும். அவசரப் பிரிவில் ஊசி போட்ட பிறகு இரண்டு மணி நேரத்தில் கண் திறந்து, “டீ கெடைக்குமாடா தம்பி” என்றாள். ஸ்டீராய்டு கெட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அதைத் திடுமென நிறுத்துவது எவ்வளவு கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. அது என் கணக்கில் இரண்டாவது தப்பு.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. சிபிகே 190-க்கு வந்துவிட்டது. ஸ்டீராய்டு 5 மில்லிகிராமில் நிற்கிறது. சிடியில் பனி கூடவில்லை, குறையவும் இல்லை. மூக்கோரம் தவிர்த்துப் படர்ந்திருந்த கருமை வெளிறியிருக்கிறது. முழுக்கப் போகாது என்கிறார்கள், அழற்சி போனாலும் நம் நிறத்தில் கறை தங்கும். ஏஎன்ஏ மறுபடி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் டாக்டரம்மா, ஒருதடவை வந்தால் போதும், நோய் ஏறி இறங்குவதை அது காட்டாது. என் வேலையின் மதிப்பு எனக்குப் புரிந்தது. ஃபைலில் கேள்விக்குறி அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் பவானிக்குப் போயிருந்தேன். அக்கா தலையைத் தானே பின்னியிருந்தாள், கோணல்மாணலாக. காபி கொடுத்துவிட்டுப் பீரோவிலிருந்து அந்த மோதிரத்தை எடுத்துவந்தாள். ஆசாரி பற்றவைத்துக் கொடுத்தது, ஒட்டிய இடத்தில் சின்னத் தழும்பு. மாதத்தின் முதல் தேதி காலையில் அதை விரலில் விட்டுப் பார்ப்பாளாம். “எங்களுக்கெல்லாம் இதான்டா டெஸ்ட்டு” என்று சொல்லி விரலில் விட்டாள். நடு மொழிவரை போய் நின்றது. பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, கைக்கடியில் இருந்த மாமாவின் பிரஷர் நோட்டைப் புரட்டினாள். போன மாதப் பக்கத்தில் விரலின் படம் ஒன்று வரைந்து, அதில் ஒரு கோடு இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“ஒரு நெல்லளவு இருக்குமா?”

குனிந்து பார்த்தேன். இருக்கும் என்றுதான் தோன்றியது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குக் கணக்குச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். “அடுத்த மாசமும் போட்டுப் பாருக்கா” என்றேன்.